அப்பாவுக்கு இனிப்பு நீர்: எந்தச் சப்பாத்து வாங்கலாம்?

செந்தூல்வாசி (ஞாயிறு, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோலாலம்பூர் செந்தூலில் பழைய அடுக்குமாடி வீட்டில் நான்காவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. நேற்றுக் காலை சந்தைக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் பையோடு வீட்டுக்குள் வந்தார். ஒரு காலில் சிலிப்பர் இருக்கிறது, மற்றக் காலில் இல்லை. “இன்னொன்று எங்கே?” என்று அம்மா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். நான் இறங்கித் தேடினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை ஒரு கால் வெறுங்காலாகவே ஏறி வந்திருக்கிறார்.

அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், ‘நீரிழிவுச் சப்பாத்து’ என்று எழுதிக்கொண்டு 60 ரிங்கிட்டிலும் விற்கிறார்கள், 700 ரிங்கிட்டிலும் விற்கிறார்கள். அப்பா எப்போதும் 8ஆம் அளவு போடுவார். இப்போது அதுவே தொளதொளவென்று இருக்கிறதாம், 7 வாங்கு, காலைப் பிடிப்பாகப் பிடிக்க வேண்டும் என்கிறார். என்ன வாங்குவது, எங்கே வாங்குவது?

காஜாங் ராஜா (ஞாயிறு, இரவு 9.58)

ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள், மெத்து மெத்தென்று இருக்கும். என் மாமா அதைத்தான் போடுகிறார். 7 வேண்டும் என்கிறார் என்றால் 7 வாங்க வேண்டியதுதானே, போடப்போகிறவர் அவர்தான்.

ஓய்வுபெற்ற தாதி (ஞாயிறு, இரவு 10.31)

ராஜா தம்பி, அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

செந்தூல் தம்பி, சிலிப்பர் கழன்றது தெரியாமல் இரண்டு மாடி ஏறியது மறதி அல்ல. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. நான் பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக இருந்தவள். உள்ளங்காலில் புண்ணோடு வந்தவர்களிடம் எப்போது குத்தியது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஒருவருடைய சப்பாத்துக்குள் பேரனின் பொம்மைக் கார்ச் சக்கரம் ஒன்று கிடந்தது. அதை மிதித்துக்கொண்டே காலையிலிருந்து மாலை வரை நடந்திருக்கிறார். நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

உணர்ச்சி குறைந்த காலுக்குச் சரியான அளவு எப்போதும் தொளதொளப்பாகத்தான் தோன்றும். இறுக்கிப் பிடித்தால்தான் எதையோ போட்டிருப்பதாகவே தெரியும். அதனால்தான் அப்பா 7 கேட்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கால் அவரிடம் பொய் சொல்கிறது. கடையில் போய் நின்று “எப்படிப்பா இருக்கிறது?” என்று கேட்காதீர்கள்.

முதலில் அரசாங்க கிளினிக்கில் கால் பரிசோதனை கேளுங்கள். நைலான் இழை ஒன்று வைத்திருப்பார்கள். தொட்டு அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லிப் பெருவிரலின் அடி, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேடு என்று சில இடங்களில் தொடுவார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எலும்பின் மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. பிறகு பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடி பார்ப்பார்கள். எல்லாம் நன்றாக இருக்கும் காலை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். உணர்ச்சி மட்டும் போயிருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் பார்க்க வேண்டும். ஒரு முறை புண் வந்து ஆறிய கால் என்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதைத் தெரிந்துகொள்ளாமல் சப்பாத்து வாங்குவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போல.

தோட்டத்துப் பிள்ளை (ஞாயிறு, இரவு 11.12)

எங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் வெறுங்காலோடு பால் மரம் வெட்டினார். முள், அட்டை, பாம்பு எல்லாவற்றையும் மிதித்தார். 84 வயது வரை இருந்தார். இப்போது கிலோ மீட்டருக்கு ஒரு சப்பாத்துக் கடை, ஊரெல்லாம் கால் புண். வெறுங்காலோடு புல்லில் நடந்தால் நரம்பு தானாகத் தூண்டப்படும்.

வலதுகால் நான்கு விரல் (ஞாயிறு, இரவு 11.40)

தோட்டத்துப் பிள்ளை ஐயா, உங்கள் தாத்தாவுக்கு முள் குத்தினால் வலித்தது. வலித்ததும் உட்கார்ந்து எடுத்துப் போட்டார். எனக்கு வலிக்கவில்லை, நான் எடுக்கவில்லை. என் புனைபெயரைப் பாருங்கள்.

புதுச் சப்பாத்து. உறவினர் வீட்டுக் கல்யாணம். தோல், முனை கூர், நாடா கிடையாது. காலை ஏழு மணிக்குப் போட்டு இரவு பதினொன்றுக்குக் கழற்றினேன். காலுறை கருப்பு, ஆகவே இரத்தம் தெரியவில்லை. மறுநாள் மனைவி துவைக்கும்போது தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கருப்புக் காலுறை இல்லை.

சப்பாத்துக் கடைக்காரன் (திங்கள், காலை 7.15)

கடை திறப்பதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். மஸ்ஜித் இந்தியா பக்கம் இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர்கள் காலைப் பிடித்துப் பிழைக்கிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது, அளவு தெரியும்.

“நான் எட்டு” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலர் கல்யாணம் ஆனபோது எட்டு. வயது ஏற ஏறப் பாதத்தின் வளைவு தாழும், பாதம் நீளும், அகலும். அதோடு எட்டு என்பது ஒரு நிறுவனத்துக்கு ஒரு நீளம். ஆகவே எண்ணை மறந்துவிடுங்கள்.

மாலையில், கால் கொஞ்சம் வீங்கிய நேரத்தில், அப்பாவை வெள்ளைத் தாளின் மேல் நிற்க வையுங்கள். உட்கார வைத்து வரைந்தால் பயனில்லை, உடம்பின் எடை ஏறினால்தான் பாதம் விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு காலையும் வரையுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். சப்பாத்தின் உள் நீளம் மிக நீண்ட விரலைத் தாண்டி ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடித் தேயும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அதைக் கவனியுங்கள்.

இப்போது நான் கடையில் செய்வது. உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன் மேல் வாடிக்கையாளரை நிற்கச் சொல்வேன். சின்னவிரல் மெத்தையின் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்தச் சப்பாத்து பெட்டிக்குத் திரும்பிப் போகும். மெத்தையை உருவ முடியாத சப்பாத்தே உங்கள் அப்பாவுக்கு வேண்டாம், நாளைக்கு மருத்துவமனையில் வேறு மெத்தை செய்து கொடுத்தால் வைக்க இடம் இருக்காது. பிறகு சப்பாத்தை இரண்டு கையால் மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அது சப்பாத்து அல்ல, தோசை. குதிகால் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், உள்ளே போகக் கூடாது. உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவுங்கள். உங்கள் கையை விடுங்கள், அப்பாவுடைய கையை வேண்டாம், அவருக்கு விரலும் மரத்திருக்கலாம்.

நாடா இல்லாமல் நுழைத்துப் போடும் சப்பாத்து காலில் நிற்பதே இறுக்கத்தால்தான். மேலே ஒருவர் விரலை இழந்த கதையில் அதைத்தான் பார்த்தேன். நாடா கட்டக் குனிய முடியவில்லை என்றால் வெல்க்ரோ பட்டை போதும். ராஜா தம்பி சொன்ன ஓட்டச் சப்பாத்து தவறு என்று சொல்ல மாட்டேன், அகலம் சரியாக இருந்தால் அதுவே பலருக்குப் போதும். ஆனால் கடையில் மெத்து மெத்தென்று இருப்பது சில மாதத்தில் அப்பளமாகும். விரலால் அழுத்திப் பாருங்கள், எழுந்து வராவிட்டால் மெத்தையை மாற்றுங்கள். ‘நீரிழிவு’ என்று பெட்டியில் எழுத யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

காஜாங் ராஜா (திங்கள், காலை 7.52)

தாதி அக்கா, திரும்பப் பெற்றுக்கொண்டேன். மாமாவையும் இன்று மாலை தாளில் நிற்க வைக்கிறேன்.

செந்தூல்வாசி (திங்கள், இரவு 10.05)

வரைந்தோம். அப்பா முதலில் “நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?” என்றார். வலது கால் 26.3 சென்டிமீட்டர், இடது 25.8. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் சப்பாத்தை எடுத்து வலது காலின் கோட்டின் மேல் வைத்தேன். சின்னவிரல் பக்கம் பென்சில் கோடு முழுவதும் வெளியே தெரிந்தது. அப்பா தாளையே பார்த்தார். “இவ்வளவு நாளாக நான் இதற்குள் எப்படி இருந்தேன்?” என்று சப்பாத்தைக் கேட்பது போலக் கேட்டார்.

புதன்கிழமை கிளினிக்குக்குப் போகிறோம்.

செபெராங் ஜெயா டீச்சர் (திங்கள், இரவு 10.44)

எல்லாரும் வெளியே போடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அப்பா வீட்டுக்குள் என்ன போடுகிறார்? நம் வீடுகளில் வாசலில் கழற்றினால் அதோடு சரி. ஓய்வு பெற்றவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியே இருக்கிறார்? நடப்பதில் பெரும்பகுதி மோசேக் தரையில், வெறுங்காலில். எனக்கு இனிப்பு நீர் வந்து பதினோரு ஆண்டுகள். வெளியே அரண்மனைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, சமையலறையில் உடைந்த கிளாஸ் துண்டை மிதித்தவள் நான்.

நெதர்லாந்தில் 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே கால் புண் வந்து ஆறியவர்களுக்கு அளவெடுத்துச் செய்த காலணி கொடுத்து, கருவி வைத்துக் கணக்கெடுத்தார்கள். வெளியே நடந்த அடிகளில் 87 விழுக்காடு அந்தக் காலணியோடு. வீட்டில் 61 விழுக்காடுதான். ஆனால் அவர்கள் அதிகம் நடந்தது வீட்டில்தான். செருப்போடு வீட்டுக்குள் உலாவும் ஊரிலேயே இப்படி என்றால் நம்முடைய நிலையைச் சொல்ல வேண்டுமா?

நான் வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். பின்னால் பட்டை உள்ள, முன்பக்கம் மூடிய செருப்பு. விரலிடுக்கில் தண்டு வரும் சிலிப்பர் வேண்டவே வேண்டாம், அந்தத் தண்டு அறுக்கும், பட்டை இல்லாததால் கழன்றும் போகும். உங்கள் அப்பாவுக்கு நடந்ததே அதுதான். வீட்டுச் செருப்பு வாசற்படியைத் தாண்டாது, வாரம் ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவுவேன்.

தோட்டத்துப் பிள்ளை (திங்கள், இரவு 11.20)

செருப்போடு வீட்டுக்குள்ளா? மகாலட்சுமி எப்படி வருவாள்?

செபெராங் ஜெயா டீச்சர் (திங்கள், இரவு 11.26)

என் மாமியாரும் இதே கேள்வியைக் கேட்டார். சாமி அறைக்கு முன்னால் ஒரு முக்காலியும் தடித்த பாயும் போட்டேன். உட்கார்ந்து கழற்றி, சுத்தமான காலுறையோடு உள்ளே போவேன். மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அவருக்கே ஒரு ஜோடி வாங்கிக் கேட்டார்.

தண்ணீர்மலை அடிவாரம் (செவ்வாய், காலை 6.30)

கோயில் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரதம் லெபோ பினாங்கிலிருந்து ஜாலான் கெபுன் பூங்கா வரை வருகிறது, வழி நெடுகத் தேங்காய் மலை மலையாக உடைகிறது. துப்புரவாளர்கள் வாரி வாரி அள்ளுகிறார்கள், ஆனாலும் ஓட்டுச் சில்லு தார்ச் சாலையில் கத்தி போலக் கிடக்கும். பகலில் தார் சுடும், அது தனி. இதில்தான் இனிப்பு நீர் உள்ள அண்ணன் ஒருவர், என் சொந்த அண்ணன்தான், ஆண்டுதோறும் வெறுங்காலில் நடந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். எரியவே இல்லையே என்றார். ஆற நான்கு மாதம் ஆனது.

நேர்த்திக்கடனை விடச் சொல்லி யாரும் அவரிடம் பேச முடியாது, பேசவும் இல்லை. இப்போது வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையிலேயே கிளம்புகிறார். மலையடிவாரம் வரை பட்டை வைத்த காலணி. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகள் ஏறும்போது தடித்த காலுறை. இறங்கியதும் என் மகள் கைப்பேசி விளக்கை அடித்து விரலிடுக்கு உட்படப் பார்க்கிறாள். உங்கள் ஊர்ப் பத்துமலையில் இன்னும் எளிது. 272 படிகளையும் காலணியோடு ஏறலாம், மேலே சந்நிதியில் கழற்றினால் போதும். அப்பாவிடம் சொல்லுங்கள்.

சுங்கை பூலோ பேரன் (செவ்வாய், பகல் 1.10)

உணர்ச்சியில்லாத காலுக்குக் காலணி என்ற அறிவு நமக்குத் தொழுநோயிலிருந்து வந்தது என்று என் தாத்தா சொல்வார். அவர் சுங்கை பூலோவில் 1930இல் திறந்த தொழுநோய்க் குடியிருப்பில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் பால் பிராண்ட் என்ற பெயர் அடிக்கடி அடிபடும். 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர், வேலூரில் அறுவை சிகிச்சை செய்தவர். தொழுநோயாளியின் விரல் நோயால் மட்டும் அழுகி விழுவதாக ஊரே நம்பிக்கொண்டிருந்தபோது, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று காட்டியவர். வேலூரில் நுண்துளை ரப்பரால் மிருதுவான உள்மெத்தை வைத்த செருப்பு செய்து கொடுத்தார்கள். பின்னர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், அதே பாடம் நீரிழிவுக் காலுக்கும் பொருந்தும் என்று சொன்னார்.

என் தாத்தா சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை. “செருப்பு வாங்கிக் கொடுப்பது ஒரு நாள் வேலை, அவர்கள் தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வைப்பதுதான் ஆண்டு முழுவதும் வேலை.” அடிப்பாதம் தெரியாதவர்களுக்குத் தரையில் ஒரு கண்ணாடி போட்டால் போதும்.

ஓய்வுபெற்ற தாதி (செவ்வாய், இரவு 9.15)

நாளை கிளினிக்குக்குப் போகிறீர்கள் என்பது நல்ல செய்தி, செந்தூல் தம்பி. அதோடு கால் ஆணிக்கு மருந்துக் கடையில் விற்கும் பிளாஸ்டர் வேண்டாம். அதில் இருக்கும் அமிலம் ஆணியைத் தின்றுவிட்டு நல்ல தோலையும் தின்னும். பிளேடும் வேண்டாம். பூங்காவில் கூழாங்கல் பதித்த நடைபாதை இருக்கிறதே, காலையில் சிலர் வெறுங்காலோடு ஏறி ஏறி நடப்பார்கள், அதன் பக்கம் அப்பாவை விடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளை ஐயாவின் புல்லும் அப்படித்தான். வெந்நீரில் கால் வைத்து ஊறப்போட்டுப் பிடித்துவிடும் கடைகளும் வேண்டாம்.

செந்தூல்வாசி (புதன், மாலை 6.20)

கிளினிக்குக்குப் போய் வந்தோம். நைலான் இழைச் சோதனை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தொடும்போது “ஆம்” சொல்ல வேண்டும். வலது காலில் முன்மேடு முழுவதும் தொட்டார்கள், அமைதி. ஒன்றுமே தொடாமல் இருந்தபோது இரண்டு முறை “ஆம்” என்றார். தேர்வில் தோற்கக் கூடாது என்று ஊகித்துச் சொல்கிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

பெருவிரலுக்குக் கீழே ஒரு காய்ப்பு. அதன் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி. தோலுக்கு அடியில் இரத்தம் கசிந்திருக்கிறது, புண்ணுக்கு முந்திய நிலை என்றார் டாக்டர். மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். அங்கே காய்ப்பைச் சீவிவிட்டு அளவெடுத்து உள்மெத்தை செய்வார்களாம். அதுவரை நடையைக் குறைக்கச் சொன்னார். நான்காவது மாடியில் இருப்பவரிடம்!

கடைக்கார ஐயா, சனிக்கிழமை மாலை அப்பாவை அழைத்து வரலாமா? கடையின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

சப்பாத்துக் கடைக்காரன் (புதன், இரவு 8.40)

அனுப்பிவிட்டேன். ஆறு மணிக்கு மேல் வாருங்கள். வரைந்த தாளைக் கொண்டுவாருங்கள், அப்பா வழக்கமாகப் போடும் காலுறையையும் கொண்டுவாருங்கள். கடையில் இருக்கும் மெல்லிய காலுறையைப் போட்டுப் பார்த்தால் அளவு மாறும். புள்ளி ஆறுகிற வரை புதுச் சப்பாத்தைப் போட்டு நடக்க வேண்டாம், வாங்கி வையுங்கள், அவ்வளவுதான். பிறகு முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் வீட்டில். கழற்றிப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன், முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வலதுகால் நான்கு விரல் (புதன், இரவு 9.02)

போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதுவரை பல்லி ஒன்று, கிளிப் இரண்டு, பத்து சென் ஒன்று.

செந்தூல்வாசி (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.15)

காய்ப்பைச் சீவிவிட்டார்கள், கருப்புப் புள்ளி காய்ந்துவிட்டது. உள்மெத்தை வந்துவிட்டது. சப்பாத்து 9, அகலப் பாதம், வெல்க்ரோ, 149 ரிங்கிட். அப்பா கடையில் மூன்று முறை “பெரிதாக இருக்கிறது” என்றார். கடைக்கார ஐயா ஒவ்வொரு முறையும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அவரை அதன் மேல் நிற்க வைத்தார். மூன்றாவது முறை அப்பாவே குனிந்து பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்தார்.

வீட்டுக்கும் ஒரு ஜோடி வாங்கினோம். இரண்டும் ஒரே கருநீலம், அதுதான் என் பிழை. அம்மா மார்க்கர் எடுத்து ஒன்றின் குதிகாலில் ‘வீடு’ என்றும் மற்றதில் ‘வெளி’ என்றும் பெரிதாக எழுதிவைத்தார். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாங்கிய பூவோடு அப்பா நேராகச் சாமி அறை வாசல் வரை ‘வெளி’யோடு போய்விட்டார். அம்மா இன்று காலை வரை தரையை மஞ்சள் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார். நாளை நான் சிவப்புக் கலரில் வேறு ஜோடி தேடப் போகிறேன், 9, அகலம். யாராவது எங்காவது பார்த்தால் சொல்லுங்கள்.